தம்பியின் வீடு இடிந்தது என்றதும் "நல்லா வேணும்" என்றேன், நான் கிறிஸ்தவளா?

பர்மாவின் யாங்கோன் நகரத்துத் தாம்வேயிலிருந்து ஐம்பத்து மூன்று வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய பெற்றோர் மாண்டலேயில் வாழ்ந்து அங்கேயே காலமானவர்கள். முதலில் அப்பா, பிறகு அம்மா. உயில் எழுதவில்லை. பிள்ளைகள் இரண்டே பேர், இவரும் தம்பியும். 2017ல் தம்பி, "வரிக் காகிதம்தான், ஒரு கையெழுத்துப் போடு அக்கா" என்று நீட்டிய தாளில் இவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். சில மாதங்களில் வீடு கைமாறிவிட்டது. செய்தியே சித்தி சொல்லித்தான் தெரியும். நியாயம் கேட்கப் போன அன்று, "கல்யாணத்துக்குப் போட்ட நகைதான் உன் பங்கு" என்றார் தம்பி. கூடப் போயிருந்த கணவரைப் பார்த்து, "ஒண்ட வந்தவனுக்கு இங்கே என்ன பேச்சு" என்றும் சொன்னார். விற்ற பணத்தில் மாண்டலேயிலேயே மாடி வீடு கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் அந்த மாடி வீடு உட்கார்ந்துவிட்டது. தம்பி மனைவிக்கு இடுப்புக்குக் கீழே எலும்பு முறிவு. இரண்டு பிள்ளைகளோடு ஒரு வளாகத்தில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறார்கள். செய்தி வந்தபோது இவர் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாராம். "நல்லா வேணும். என் பங்கில் கட்டின வீடுதானே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற மகள் ஒன்றும் பேசாமல் அம்மாவையே பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வைதான் தன்னைத் தூங்கவிடவில்லை என்கிறார். அப்புறம் ஒரு நாள் அரிசி, கருவாடு, இரண்டு போர்வை, பழைய கைலிகள் எல்லாம் ஒரு சாக்கில் கட்டினார். அனுப்ப மனம் வரவில்லை. மூட்டை இரண்டு வாரமாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது.

இப்போது சித்தி மூலம் தம்பி கேட்கிறார்: "மழைக்காலம் முடியும்வரை அக்கா வீட்டில் இடம் கிடைக்குமா? நேரில் கேட்க எனக்கு முகம் இல்லை." போதகர், "கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பங்குப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள், அதுதான் கிறிஸ்தவ அன்பு" என்கிறார். கணவரோ, "அவன் இந்த வீட்டுக்குள் கால் வைத்தால் நான் வெளியே போகிறேன்" என்கிறார். சகோதரியின் கேள்விகள் மூன்று. இது கடவுள் கொடுத்த தீர்ப்பா? சகோதரனைப் பகைக்கிறவன் கொலைபாதகன் என்று யோவான் எழுதியிருக்கிறாரே, அப்படியானால் நான் யார்? தம்பி குடும்பத்தை வீட்டில் சேர்ப்பதா வேண்டாமா? முதல் ஞாயிறுகளில் திருவிருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டாராம்.

அன்புள்ள சகோதரி,

அடுப்படியில் சொன்ன அந்த இரண்டு வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். எட்டு வருடம் அடக்கிவைத்த கோபம் செய்தி கேட்ட கணத்தில் வெளியே வந்துவிட்டது. ஏமாற்றப்பட்டவர்கள் பலருக்கும் இப்படி நடக்கிறது. பலர் அதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். "உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே" என்று நீதிமொழிகள் எச்சரிப்பதே, விழும்போது சந்தோஷம் வரத்தான் செய்யும் என்று தெரிந்துதான். யோவான் கண்டிக்கிற பகை வாயிலிருந்து நழுவிய ஒரு சொல் அல்ல. அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளி, சகோதரனுக்குக் குறைச்சல் உண்டென்று கண்டும் தன் இருதயத்தை அவனுக்கு அடைத்துக்கொள்கிறவனைப் பற்றித்தான் அவர் பேசுகிறார். நீங்கள் அடைத்துக்கொள்ளவில்லை. பாதி திறந்து வைத்திருக்கிறீர்கள். மூட்டை கட்டியாயிற்று, அனுப்பவில்லை. உங்கள் நிலைமை சரியாக இதுதான்.

உங்கள் கோபத்தின் அளவும் எனக்குப் புரிகிறது. பர்மாத் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் வீடு என்றால் அதன் விலையோடு கணக்கு முடிந்துவிடாது. 1964ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருடம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. எத்தனையோ பேர் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். மிஞ்சியவர்கள் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்துக் கட்டிய வீடுகள் அவை. உங்கள் அப்பா வீடும் அப்படி எழுந்ததுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பொய் சொல்லி வாங்கிய ஒரு கையெழுத்தில் இழந்ததற்கு நீங்கள் அழுதது பேராசை இல்லை. சங்கீதம் 55ஐ ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். நிந்தித்தவன் அந்நியன் என்றால் சகித்திருப்பேன், நீயோ எனக்கு நெருக்கமானவன் என்று புலம்புகிற பாட்டு அது. அதை வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். உங்கள் புலம்பலையும் ஜெபத்துக்கு வெளியே வைக்க வேண்டியதில்லை.

நிலநடுக்கத்தைத் தீர்ப்பாக வாசிக்க வேண்டாம்

இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அன்று வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிக்குச் சற்று முன். ரமலான் மாதத்துக் கடைசி வெள்ளி. மசூதிகளில் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் அப்படியே புதைந்தார்கள். மாண்டலேயில் ஒரு மடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள் மேல் கட்டடம் சரிந்தது. சகாயிங்குப் போகிற பழைய ஆவா பாலம் ஆற்றில் விழுந்தது. 3,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தனை பேரும் எந்த அக்காவை ஏமாற்றினார்கள்? சகாயிங் நிலப்பிளவு நம் நாட்டின் நடுவே வடக்குத் தெற்காக ஓடுகிறது. அது அசைந்தால் மேலே இருப்பது அசையும். யார் வீடு யார் பணத்தில் கட்டியது என்று அதற்குத் தெரியாது.

இயேசுவிடமே இப்படி ஒரு பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். இதை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கடவுளே தண்டித்துவிட்டார் என்று நம்பிவிட்டால், நாம் அனுப்புகிற ஒரு போர்வைகூடக் கடவுளுக்கு எதிரான வேலை போலத் தோன்றும். உங்கள் மூட்டை கட்டிலுக்கு அடியிலேயே கிடப்பதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உதவி வேறு, பங்கு வேறு

போதகர் சொன்னதில் பாதி சரி. தம்பிக்கு இப்போது உதவ வேண்டும் என்பது சரி. பங்கை விட்டால்தான் அது அன்பு என்பதை நான் ஏற்கவில்லை. இவை இரண்டும் தனித்தனி கணக்குப் புத்தகங்கள். ஒன்றில் எழுத வேண்டியதை மற்றொன்றில் எழுதினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

யோசேப்பின் கதையை நாம் எப்போதும் கடைசிக் காட்சியிலிருந்தே ஞாபகம் வைத்திருக்கிறோம்: கட்டிப்பிடித்து அழுதார், மன்னித்தார், முடிந்தது. ஆதியாகமம் 42லிருந்து பொறுமையாக வாசியுங்கள். அண்ணன்மார் பஞ்சத்தில் வந்து நின்றபோது அவர் கடுமையாகப் பேசி மூன்று நாள் காவலில் வைத்தார், ஆனாலும் மூன்றாம் நாளே தானியம் கொடுத்தார். கொடுத்த பணத்தையும் சாக்கிலேயே திருப்பி வைத்தார். ஆனால் தான் யார் என்று சொல்லவில்லை. வீட்டோடு வந்து இருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தார். முன்பு ஒரு தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இன்னொரு தம்பிக்காக "என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று முன்னால் வந்த பிறகுதான் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தினார். பசிக்குச் சோறு மூன்றாம் நாளே கிடைத்தது. நம்பிக்கை வர நாள் ஆயிற்று. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உங்களையும் யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

"முகம் இல்லை" என்று தம்பி சொன்னது வெட்கம். வெட்கம் நல்ல தொடக்கம்தான், ஆனாலும் அது மனந்திரும்புதல் ஆகிவிடாது. சகேயு என்ன செய்தார்? அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பேன் என்று தொகையைச் சொன்னார். தார்ப்பாய்க்கு அடியில் இருப்பவரிடம் இன்று தொகை கேட்க முடியாது. "நான் உன்னை ஏமாற்றினேன் அக்கா" என்ற ஒரு வாக்கியத்துக்குக் காசு தேவையில்லை. அதை எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அது வரும்வரை அரிசியை நிறுத்தி வைக்கத்தான் உரிமை இல்லை.

அதனால் மூட்டையை இந்த வாரமே பஸ்ஸில் போட்டுவிடுங்கள். சித்தி பெயருக்கு அனுப்பினாலும் சரி. மனம் இளகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பகைக்கிறவனுக்குப் போஜனங்கொடு என்று பவுல் எழுதியபோது, அவன்மேல் பிரியம் வந்த பிறகு கொடு என்று சேர்த்து எழுதவில்லை. முடிந்தால் மாதம் ஒரு சிறு தொகையைப் போன் வழியாக வேவ் மணியிலோ கேபிஇசட் பேயிலோ அனுப்புங்கள். எத்தனை மாதம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். வரம்பில்லாத உதவி சீக்கிரமே முணுமுணுப்பாக மாறும். அதையும் நிறையப் பார்த்தாயிற்று.

வீட்டுக்குள் அழைப்பது

என் கருத்து: இப்போதைக்கு வேண்டாம். இதைக் கேட்டு உங்களுக்கு நிம்மதி வந்தால் அதற்காகக் குற்றவுணர்வும் வேண்டாம்.

முதல் காரணம் மிகச் சாதாரணமானது. உங்கள் வீடு நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. எலும்பு முறிந்தவரைத் தூக்கி ஏற்றிவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதே படிகளில் இறக்க வேண்டும். அங்கே கட்டுப் போட்ட டாக்டர் இன்னும் பயணத்துக்கே அனுமதி கொடுக்கவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது, உங்கள் கணவர். அவமானப்பட்டது அவரும்தான். அவர் சார்பில் நீங்கள் மன்னிக்க முடியாது, மன்னிக்கும்படி அவரை நெருக்கவும் கூடாது. அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிற வீட்டில் உங்கள் தம்பி பிள்ளைகள் சாப்பிடுகிற சோறு தொண்டைக்குள் இறங்காது.

மூன்றாவது, நடைமுறை. 2021 பிப்ரவரியிலிருந்து இரவு தங்கும் விருந்தாளியை வார்டு ஆபீஸில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி திரும்ப வந்துவிட்டது. ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தங்கினால் அதை மறைக்கவும் முடியாது. ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற வயதில், உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பதிவு விஷயத்தில் அசட்டையாக இருக்கவே கூடாது. தம்பியின் அடையாள அட்டையும் குடும்பப் பட்டியலும் இடிபாட்டில் போயிருந்தால், வழியில் சோதனைச் சாவடிகளிலேயே தொல்லை தொடங்கிவிடும். எங்கே போவதானாலும் முதலில் அந்தக் காகிதங்களுக்கு அவர் வழி பார்க்கட்டும். அதற்கு ஆகும் செலவை நீங்கள் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

அவர்கள் யாங்கோனுக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் கீழ்த்தளத்தில் ஒரு அறை பாருங்கள். இங்கே ஆறு மாதம், ஒரு வருடம் என்று வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்பார்கள், தெரியும். அதை ஒரே ஆளாகச் சுமக்காமல் சபையிடம் கேளுங்கள். கூப்பிட்டு வைத்துக்கொள்ளச் சொன்னவர்களும் ஒரு பங்கு போடலாமே.

உங்கள் பங்கு பற்றிச் சட்டம் சொல்வது

பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுகிறேன். நகைதான் உன் பங்கு என்று தம்பி சொன்னதை நீங்களும் பாதி நம்புகிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. அது தவறு. பர்மாவில் இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசு விஷயத்தில் அவரவர் வழக்கச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். அதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை. உயில் இல்லாமல் அப்பா இறந்தபோது மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதி உங்கள் இருவருக்கும் சமமாக. அம்மாவும் உயில் எழுதாமல் இறந்ததால் அவர் பங்கும் சமமாகவே பிரியும். ஆக, உங்களுக்குச் சேர வேண்டியது பாதி. தகப்பன் உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குச் செய்ததைப் பங்கில் கழிக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நகைக் கணக்கு அங்கேயே அடிபட்டுப்போகிறது.

ஆனால் இப்போது வழக்குப் போட்டால் கிடைக்குமா என்பது வேறு விஷயம். கையெழுத்துப் போட்டது நீங்கள். ஏமாற்றி வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள். மோசடியைக் காரணம் காட்டும் வழக்குகளுக்குக் காலக்கெடு குறுகியது. எட்டு வருடம் சும்மா இருந்தது உங்களுக்குப் பாதகம். வீட்டை வாங்கியவரை வெளியேற்றுவது அநேகமாக நடக்காது, பணமாகக் கேட்பதுதான் மிச்சம். கையிலிருக்கும் காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்து, எந்தக் கெடு தாண்டிவிட்டது, எது பாக்கி என்று தெரிந்துகொள்ளுங்கள். கெடு முடிவதற்குள் தம்பி "இவ்வளவு தர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் கெடு அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

இதைப் படித்ததும் ஒரு எண்ணம் வரக்கூடும்: எழுதிக் கொடுத்தால்தான் உதவி என்று சொல்லிவிட்டால் என்ன? தயவுசெய்து வேண்டாம். கால் உடைந்த மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுகிற கையெழுத்து நிர்ப்பந்தத்தில் வாங்கியது என்று நாளைக்கு நீதிமன்றத்திலேயே அடிபடலாம். அதைவிட, பொய் சொல்லி உங்களிடம் வாங்கிய கையெழுத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

போதகர், சகோதரன்மேல் வழக்குக்குப் போகாதே என்று கொரிந்தியரை எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்தப் பகுதியை முழுதாக வாசித்தால், சகோதரருக்குள் வழக்குத் தீர்க்க உங்களில் விவேகி ஒருவனாகிலும் இல்லையா என்று பவுல் சபையை வெட்கப்படுத்துவதும் அங்கேதான் இருக்கிறது. அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாகாதா என்றும் அவர் கேட்கிறார், உண்மைதான். ஆனால் அநியாயஞ்செய்கிறவர்களையும் அடுத்த வரியிலேயே பிடித்துக்கொள்கிறார். ஆகவே போதகரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "ஐயா, மழை முடிந்து அவன் கொஞ்சம் எழுந்து நின்றதும், இரண்டு மூப்பர்களை வைத்து எங்கள் இருவரையும் உட்கார வைப்பீர்களா?" அன்றைக்குப் பங்கை முழுவதும் விட்டுக்கொடுக்க நீங்கள் முடிவு செய்யலாம், பாதியை விடலாம், தவணையில் கேட்கலாம். எதுவானாலும் அது உங்கள் கையால் கொடுத்ததாக இருக்கட்டும். இன்னொருவர் வற்புறுத்தி வாங்கின மன்னிப்பு ஆறு மாதத்தில் புளித்துவிடும்.

சித்தியிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இப்படிச் சொல்லலாம்: "சாமான் அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதம் பணமும் அனுப்புவேன். வீட்டில் இப்போது இடம் கொடுக்க முடியாது. நடந்ததைப் பற்றி நாம் பேச வேண்டியது இருக்கிறது, அதை நீ எழுந்து நின்ற பிறகு பேசுவோம்." குத்தல் வேண்டாம், பைபிள் வசனமும் வேண்டாம். சித்தி தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்துவிடுவார் என்ற பயம் இருந்தால் போனில் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள்.

மகளிடமும் பேசுங்கள். நீங்கள் அன்று சொன்னதை அவள் கேட்டாள். நீங்கள் மூட்டை கட்டியதையும் பார்த்திருப்பாள். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு, ஆனா எனக்கு ஏன் அவ்வளவு கோபம் தெரியுமா" என்று கையெழுத்து விஷயத்தை முழுதாகச் சொல்லுங்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மாமா செய்ததும் தெரியட்டும், படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் தெரியட்டும்.

திருவிருந்து பற்றி. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தை நினைத்துத்தானே ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள்? அங்கே சொல்லியிருப்பது, உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை இருந்தால் என்று. தவறு செய்தவன் எழுந்து போக வேண்டும் என்பதற்கான வசனம் அது. இங்கே பங்கை எடுத்தவர் அவர். உங்கள் பக்கம் இருப்பது அந்த இரண்டு வார்த்தையும் அனுப்பாத ஒரு மூட்டையும்தான். முதலாவதைக் கடவுளிடம் சொல்லிவிட்டீர்கள், இரண்டாவதை இந்த வாரம் பஸ்ஸில் ஏற்றப் போகிறீர்கள். வருகிற முதல் ஞாயிறு போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணவரை அவசரப்படுத்தாதீர்கள். பணம் அனுப்புவதை அவருக்குத் தெரியாமல் செய்யவும் வேண்டாம். தம்பி அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதை, மூப்பர்கள் உட்காரும் நாளில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர் கேட்க விரும்புவது அதுவாக இருக்கும். தூக்கமின்மை இன்னும் இரண்டு மூன்று வாரம் நீடித்தால் டாக்டரையும் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாண்டலே வீடியோக்களைப் பார்ப்பதை இன்றிலிருந்தே நிறுத்தலாம்.